விழித்திரை: ஆந்தையின் கண்ணில் வலை எங்கே?

ரெட்டினா என்பதற்குத் தமிழ் விழித்திரை. கண்ணின் பின்சுவரை உட்புறமாக ஒட்டியிருக்கும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள நரம்புத் திசு இது. ஒளியை நரம்புக் குறிப்பாக மாற்றுவது இதன் வேலை. மலாயிலும் ரெட்டினாதான். மூன்றாம் படிவ அறிவியலில் 'செல் ரோட்', 'செல் கோன்' என்று படித்துவிட்டு, அதையே தமிழில் எழுத உட்காரும் கோலாலம்பூர், பினாங்கு மாணவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் படித்திருப்பார்கள். கண்ணின் உள்ளமைப்பு வரும்போது பாடமொழி மாறியிருக்கும்.

ரெட்டினாவின் வேர் இலத்தீனில் வலையைக் குறிக்கும் 'ரேட்டே'. சொல் நேராக அங்கே பிறக்கவில்லை. கிரேக்க மருத்துவர்கள் இந்தப் படலத்தை 'வீச்சுவலை போன்றது' என்றார்கள். அந்தப் பெயரைப் பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த ஹெரோஃபிலஸோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அரபு மருத்துவர்கள் அதை 'ஷபக்கிய்யா' ஆக்கினார்கள். 'ஷபக்கா' என்றால் வலை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு, இப்னு சீனாவின் மருத்துவ நூலை இலத்தீனுக்குக் கொண்டுவந்தபோது அது 'ரெட்டினா' ஆயிற்று. பினாங்குக் கடலோரத்தில் மலாய் மீனவர்கள் வீசும் 'ஜாலா'வும் அதே வலைதான். அந்தச் சொல் வடமொழி ஜாலத்திலிருந்து மலாய்க்குப் போனது.

ஏன் வலை? இரண்டு விளக்கங்கள் உண்டு. படலத்தின் மேல் ஓடும் இரத்தக் குழாய்கள் வலைபோல் தெரிவதால் என்பது ஒன்று. மற்றது அறுவை மேசையிலிருந்து வருவது. இறந்த கண்ணைத் திறந்தால் இந்தப் படலம் பின்சுவரை விட்டு உரிந்து, பார்வை நரம்பு புகும் புள்ளியில் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும். நுனிக்கயிற்றைப் பிடித்துத் தூக்கிய வீச்சுவலையும் அப்படித்தான் குவிந்து தொங்கும். நம் கணிப்பில் இரண்டாவதே பொருத்தம். பறவைக் கண்ணை வைத்துப் பார்த்தால் முதல் விளக்கம் நிற்கவே நிற்காது. ஆந்தை உட்பட எந்தப் பறவையின் விழித்திரைக்குள்ளும் இரத்தக் குழாய் கிடையாது.

அப்படியானால் தமிழ்ச் சொல்? 'விழித்திரை' அந்த வலையை மொழிபெயர்க்கவில்லை. வேறு வழியில் போயிருக்கிறது. விழி என்பது கண், கண் திறத்தல். திரைக்குத் தமிழில் பல பொருள்: கடல் அலை, 'நரை திரை'யில் வரும் தோல் சுருக்கம், மறைக்கும் துணி, படம் விழும் பரப்பு. கண்ணுக்குள் பிம்பம் விழும் இடம் இந்தப் படலம்தான் என்று கெப்ளர் விளக்கியது 1604இல். அதற்குப் பிந்தைய அறிவோடுதான் நம் சொல் பொருந்துகிறது. குழாய் வலையே இல்லாத ஆந்தைக் கண்ணுக்கும் இது குறையின்றிப் பொருந்தும்.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் 'கண்ணில் திரை விழுந்துவிட்டது' என்றால் அவர்கள் சொல்வது கண்புரையை, அதாவது மருத்துவமனையில் 'கட்டராக்' என்று எழுதுவதை. அது விழிவில்லை (லென்ஸ்) மங்குவது; விழித்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுதும்போது 'த்' விடாதீர்கள்: விழி + திரை = விழித்திரை. 'விழிதிரை' பிழை.

இனி உள்ளே. நுண்ணோக்கியில் ஆந்தை விழித்திரையின் குறுக்குவெட்டை வைத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி அடுக்கு அடுக்காகத் தெரியும். முதலில் கருநிறத் துகள்கள் நிறைந்த நிறமி அடுக்கு. அடுத்து ஒளியுணர் அணுக்களின் நீண்ட முனைகள். பிறகு அவற்றின் உட்கருக்கள் நெருக்கமாக நிற்கும் வெளி உட்கரு அடுக்கு, வெளிப் பின்னல் அடுக்கு, உள் உட்கரு அடுக்கு, உள் பின்னல் அடுக்கு, மூளைக்குக் குறிப்பு அனுப்பும் முடிச்சு நரம்பணு அடுக்கு, கடைசியாக நரம்பிழை அடுக்கு. இவற்றோடு இரண்டு எல்லைச் சவ்வுகளையும் சேர்த்துப் பத்து என்று பாடநூல்கள் எண்ணும். ஒளி வருவது கடைசியில் சொன்ன பக்கத்திலிருந்து. எல்லாவற்றையும் ஊடுருவித்தான் ஒளியுணர் அணுக்களைச் சேரும். 'பின்னல் அடுக்கு' என்பது நரம்பணுக்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடம். ஆந்தையின் கண்ணில் உண்மையான வலையைத் தேடுபவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒளியுணர் அணுக்கள் இரு வகை. தமிழகப் பாடநூல்களில் 'குச்சி செல்', 'கூம்பு செல்'. இலங்கையில் கோல், கூம்பு. செல்லுக்கு அங்கே கலம். மலேசியாவில் செல்லுக்கு 'உயிரணு' புழக்கத்தில் இருப்பதால் கோல் உயிரணு, கூம்பு உயிரணு என்று எழுதலாம். கோலா, குச்சியா என்பதில் சண்டை வேண்டாம்; ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். கோல் மங்கிய ஒளிக்கு, கூம்பு பகலுக்கும் நிறத்துக்கும். இந்தப் பாகுபாட்டை நிலைநிறுத்தியதில் ஆந்தைக்குப் பங்குண்டு. 1866இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் மாக்ஸ் ஷூல்ட்சே இரவு விலங்குகளையும் பகல் விலங்குகளையும் ஒப்பிட்டார். ஆந்தை போன்றவற்றின் விழித்திரையில் கோல்கள் மிகுந்தும் பகல் பறவைகளில் கூம்புகள் மிகுந்தும் இருப்பதைக் கண்டார். இரண்டும் இரண்டு வேலைக்கானவை என்ற முடிவுக்கு அதுவே அடிப்படை.

ஆனால் 'ஆந்தைக்குக் கூம்பே இல்லை' என்று எழுதுவது பிழை. குறைவு, அவ்வளவுதான். ஐரோப்பாவின் ஸ்ட்ரிக்ஸ் அலூக்கோ என்ற ஆந்தையை அளந்தபோது கோல்களின் நிறமி 503 நானோமீட்டர் ஒளியை அதிகம் உறிஞ்சியது. கூம்புகளில் ஏறத்தாழ 463, 503, 555 நானோமீட்டர் என மூன்று நிறமிகள் கிடைத்தன. பகல் பறவைகள் பலவற்றில் உள்ள புற ஊதாக் கூம்பு ஆந்தைகளில் இல்லை. பறவைகளில் பொதுவாகக் காணும் இரட்டைக் கூம்பு ஆந்தையிலும் உண்டு: பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக ஒட்டி நிற்கும் இரண்டு அணுக்கள். காக்கை பகலில் கூகையை வெல்லும் என்ற 481ஆம் குறளுக்கு விளக்கம் சொல்பவர்கள் சிலர், கூகைக்குப் பகலில் கண் தெரியாது என்று சேர்த்துவிடுகிறார்கள். குறளில் அப்படி இல்லை. பகலில் கோல்கள் ஒளி மிகுந்து செயலிழக்கும், கூம்புகள் வேலையை எடுத்துக்கொள்ளும், கண்மணியும் சுருங்கும். கூகைக்குப் பகலிலும் கண் தெரியும்.

கோல்கள் பல என்பதோடு கதை முடிவதில்லை. ஏராளமான கோல்களின் குறிப்புகள் இடையிலுள்ள அணுக்கள் வழியாக ஒரே முடிச்சு நரம்பணுவில் வந்து சேருகின்றன. பல வீட்டுக் கூரைத் தண்ணீரை ஒரே தொட்டியில் விட்டால் தொட்டி நிறையும்; எந்தத் துளி எந்தக் கூரையினுடையது என்று தெரியாது. கிடைத்தது உணர்திறன், போனது நுணுக்கம். அதனால்தான் கூகையின் பார்வைக் கூர்மை மனிதனுடையதைவிட மிகக் குறைவு. 'ஆந்தைக்கு இருட்டில் நூறு மடங்கு பார்வை' என்று வாட்சாப்பில் சுற்றும் செய்தியையும் நம்ப வேண்டாம். அதே அலூக்கோ ஆந்தையைச் சோதித்தபோது மனிதனைவிட இரண்டு மூன்று மடங்குதான் தேறியது. அதிலும் பெரும்பங்கு கண்ணின் ஒளியியலுக்கே சேரும்: அதன் கண்ணின் எஃப் எண் (குறையக் குறைய ஒளி அதிகம் சேரும்) 1.3, மனிதக் கண்ணினுடையது ஏறக்குறைய 2.1. செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்கப் பெட்டி வைத்து வளர்க்கும் கூகை, மலாயில் 'புங்குக் ஜெலாப்பாங்', முழு இருட்டில் காதை வைத்தே இரையைப் பிடித்துவிடும்.

நுண்ணோக்கி மாதிரி செய்பவர்களுக்குச் சில குறிப்புகள். தீபகற்ப மலேசியாவில் ஆந்தைகள் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சாலையில் அடிபட்டுச் செத்ததாயினும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. விழித்திரை மிக விரைவில் அழுகும், ஆகவே இறந்தவுடன் பதப்படுத்த வேண்டும். வெறும் ஃபார்மலினில் போட்டால் படலம் நிறமி அடுக்கை விட்டு உரிந்துவிடும். நோய் என்று நினைத்துவிடாதீர்கள். டேவிட்சன் கரைசல் என்ற கலவை மேலானது. ஒரு லிட்டருக்கு 95 சதவீத எத்தனால் 330, ஃபார்மலின் 220, அடர் அசெட்டிக் அமிலம் 115, வடிநீர் 335 மில்லிலிட்டர். அதில் ஒரு நாள், பிறகு 70 சதவீத ஆல்கஹால். ஆந்தையின் கண் உருண்டையல்ல, குழாய் வடிவம். அதன் சுவரில் எலும்புத் தகடுகளின் வளையம் இருக்கிறது. கத்தி அதில் பட்டால் வெட்டு கிழியும். வளையத்துக்குப் பின்னால் அறுத்துப் பின்கிண்ணத்தை மட்டும் எடுங்கள்.

மெழுகில் பதித்து 4 அல்லது 5 மைக்ரான் தடிப்பில் சீவலாம். சீவல் சாய்ந்தால் உட்கரு அடுக்கு இரண்டு மடங்கு தடித்ததாகக் காட்டும். கோல்களை எண்ணுபவர்கள் ஏமாறுவது இதில்தான். கருநிறத் துகள்கள் கோல்களின் முனைகளை மறைத்தால் 0.25 சதவீதப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் வெளுத்து, ஆக்சாலிக் அமிலத்தில் பழுப்பைப் போக்கலாம்.

மெழுகுச் சீவலில் ஒருபோதும் தெரியாதது எண்ணெய்த் துளி. பறவைக் கூம்புகளின் நடுவே, ஒளி உள்ளே புகும் வழியில், ஆளுக்கொரு கொழுப்புத் துளி இருக்கும். மெழுகில் பதிக்கும் முன் பயன்படுத்தும் ஆல்கஹாலும் சைலீனும் அதைக் கரைத்துவிடும். எஞ்சுவது வெற்றிடம்தான். துளியைப் பார்க்கப் பதப்படுத்தாத விழித்திரையை உப்புக் கரைசலில் நிறமி அடுக்கிலிருந்து உரித்து, ஒளியுணர் அணுக்கள் மேலே இருக்கும்படி கண்ணாடியில் தட்டையாக விரித்து, தாமதிக்காமல் பார்க்க வேண்டும். கோழியின் விழித்திரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை கலந்து ஜொலிக்கும். ஆந்தையில் அந்த ஜொலிப்பு இல்லை. பெரும்பாலும் நிறமற்றவையும் வெளிறிய மஞ்சளும்தான். அடர்ந்த வடிகட்டி இருக்கிற கொஞ்ச ஒளியையும் குடித்துவிடும். இரவில் அது நட்டம். இதற்கு 'நெய்த்துளி' என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறோம். நெய் பாலிலிருந்து வருவது. 'எண்ணெய்த் துளி' நேராக இருக்கிறது.

குழாயில்லா விழித்திரைக்கு ஊட்டம் எங்கிருந்து? பின்னாலுள்ள குருதிப் படலத்திலிருந்தும், பார்வை நரம்பு புகும் இடத்தில் கண்ணுக்குள் துருத்தி நிற்கும் கருநிற மடிப்புறுப்பிலிருந்தும். அந்த உறுப்பு முழுக்க நுண்குழாய்களும் நிறமியும்தான். இலத்தீனில் அதன் பெயர் 'பெக்டென்', சீப்பு. ஆந்தையில் அது சிறியது. பகல் பறவைகளைவிட மடிப்புகளும் குறைவு. தமிழில் நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. 'கண்சீப்பு' என்றால் இமை சீவும் பொருள் என்று நினைப்பார்கள். 'விழிச்சீப்புறுப்பு' நீளம், ஆனாலும் விளங்குகிறது. முதல்முறை 'விழிச்சீப்புறுப்பு, அதாவது பெக்டென்' என்று எழுதி, அடுத்தடுத்த இடங்களில் 'சீப்புறுப்பு' என்றே தொடரலாம்.