பேஸ்பால் மேனேஜர்: சொல் விளக்கம்

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு டீம் மேனேஜர் என்றால் டிக்கெட், ஹோட்டல் அறை, பயண ஏற்பாடுகளைக் கவனிப்பவர். அமெரிக்க பேஸ்பாலில், அதாவது அடிபந்தாட்டத்தில், கதையே வேறு. யார் எந்த வரிசையில் அடிப்பது, பந்தெறிபவரை எப்போது மாற்றுவது என்று ஆட்டத்தின் நடுவே முடிவெடுப்பவர்தான் அங்கே மேனேஜர். கோச்சுகள் எல்லாரும் அவருக்குக் கீழே. அறுபது வயதானாலும் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்!

சொல்லின் வேர் இத்தாலியில் இருக்கிறது. 'மனேஜ்ஜாரே' என்றால் கையாளுதல், குறிப்பாகக் குதிரையைப் பழக்குதல். அதற்கும் அடியில் இருப்பது கையைக் குறிக்கும் லத்தீன் 'மனுஸ்'. 19ஆம் நூற்றாண்டில் பேஸ்பால் மேனேஜர்கள் பலர் கணக்கு, பயணம், ஆள்சேர்ப்பு பார்த்தவர்கள்தான். களம் கேப்டனிடம் இருந்தது. 1869இல் எல்லாருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடிய சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியில் ஹாரி ரைட் இரண்டு வேலையையும் பார்த்தார். பிற்பாடு ஆள்சேர்ப்பும் ஒப்பந்தமும் 'ஜெனரல் மேனேஜர்' கைக்குப் போயின. மேனேஜர் என்ற பெயர் களத்திலேயே தங்கிவிட்டது.

அப்படியானால் வெற்றியில் இவருடைய பங்கு எவ்வளவு? கேசி ஸ்டெங்கலைப் பாருங்கள். புரூக்ளின், பாஸ்டன் அணிகளின் மேனேஜராக மொத்தம் ஒன்பது சீசன்கள். அதில் ஒரே ஒரு சீசனில்தான் தோல்வியைவிட வெற்றி அதிகம். 1949இல் நியூயார்க் யாங்கீஸுக்கு வந்தார். சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் தொடர்ந்து ஐந்து முறை வெற்றி, 1960க்குள் மொத்தம் ஏழு. அதே ஆள் 1962இல் புதிதாகப் பிறந்த மெட்ஸ் அணிக்குப் போனதும் 40 வெற்றி, 120 தோல்வி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அதற்காக அவர் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்றும் சொல்லிவிட முடியாது. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே மேனேஜர் கெவின் கேஷ், அருமையாக வீசிக்கொண்டிருந்த பிளேக் ஸ்னெல்லை 73 பந்துகளிலேயே வெளியே எடுத்தார். அப்போது அணி 1-0 என முன்னிலை. அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலை பறிபோனது, கோப்பை எதிரணியான டாட்ஜர்ஸுக்கு. 162 ஆட்டம் நீளும் சீசனில் மேனேஜரின் பிழைகள் கரைந்துபோகும். கடைசி ஆட்டத்தில் அப்படியே தெரியும்.

சரி, தமிழில்? 'மேலாளர்' என்றால் வங்கி நினைவுக்கு வருகிறது. இலங்கை வழக்கான 'முகாமையாளர்' என்பதும் அலுவலகத்துக்கே பொருந்தும். 'பயிற்சியாளர்' என்றால் கோச்சோடு குழம்பும். என் தேர்வு 'அணி நெறியாளர்'. நாடகத்தை இயக்குவதை ஈழத்தில் நெறியாள்கை என்பார்கள். தான் ஆடாமல், ஆடுபவர்களை அவரவர் இடத்தில் நிறுத்துகிற வேலை இதுவும். வெறும் 'நெறியாளர்' என்று எழுதினால் தொலைக்காட்சி விவாதம் நடத்துபவர் என்று நினைப்பார்கள், ஆகவே 'அணி' அவசியம். ஜெனரல் மேனேஜருக்கு மட்டும் 'பொது மேலாளர்' தாராளமாகப் பொருந்தும். அவருக்கு வேலை அலுவலகத்தில்தான்.