அங்கன்வாடிக் குழு: பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு

முட்டை ஏன் வரவில்லை என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால், "மேலே கேளுங்க" என்பார். மேற்பார்வையாளர் வட்டார அலுவலகத்தைக் காட்டுவார். கூரை ஒழுகுகிறது என்றால் அங்கிருந்து ஊராட்சி ஒன்றியத்துக்கு விரட்டுவார்கள்; ஒன்றியமோ "அது எங்க துறை இல்லை" என்று திருப்பிவிடும்.

இவர்களை ஒன்றுசேர்த்துப் பேசவைக்க ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு மையத்துக்கும் கண்காணிப்பு, ஆதரவுக் குழு வேண்டும் என்று 2011-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. தலைவர் வார்டு உறுப்பினர், கூட்டத்தைக் கூட்டுபவர் டீச்சர். மகளிர் குழு, ஆசிரியர், சுழற்சி முறையில் பெற்றோர் எல்லாரும் உறுப்பினர்கள்.

பல ஊர்களில் இந்தக் குழு ஒரு கையெழுத்து நோட்டு, அவ்வளவுதான். பிள்ளையைக் கூப்பிட வந்த அம்மாவிடம் "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டுவார்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே போடாதீர்கள். நாளைக்குப் புகார் கொடுத்தால், "திருப்தின்னு நீங்களே எழுதியிருக்கீங்களே" என்று அதே நோட்டைக் காட்டுவார்கள். டீச்சரோடு சண்டை வேண்டாம். அவருக்கே செயலியில் பதிவேற்றத்தான் நேரம் சரியாக இருக்கிறது. குறையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், போதும். அது மேலதிகாரியை நோக்கிப் போகிற தாள்.

குழந்தையை மையத்தில் பதிய மறுப்பதுதான் பெரிய கொடுமை. செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்திடம் "ரேஷன் கார்டு வேற ஊர்ல இருக்கே" என்கிறார்கள். வறுமைக்கோட்டு அட்டை கேட்கக்கூடாது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைக்கு ஆதார் கட்டாயமில்லை, அம்மாவுடையதை வைத்துப் பதியலாம். 6 மாதம் முதல் 6 வயது வரை இலவச உணவு, 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமை. யாரும் போடும் பிச்சை இல்லை.

உங்கள் பகுதியில் மையமே இல்லையா? 6 வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தால், கேட்ட 3 மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 13.12.2006 உத்தரவு. கிராமத்துக்கும் குடிசைப் பகுதிக்கும் இது பொருந்தும். ஆனால் வாயால் கேட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெயர், பிறந்த தேதியோடு பட்டியல் எழுதிக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள்.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து, வார்டு உறுப்பினர் உட்படத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். "தலைவர் இல்லை, குழுவும் இல்லை" என்று கைவிரிக்க இது நல்ல சாக்கு. அப்படிச் சொன்னால் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில் தீர்மானம் கேளுங்கள். குழு நோட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். எந்த மனுவாக இருந்தாலும் உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.