ஓங்கு, ஒடுங்கு இருக்க ஆதிக்கம் எதற்கு?

‘ஆதிக்க மரபணு, பின்தங்கிய மரபணுவை அடக்கிவிடுகிறது.’ மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் ஆவணப்பட வசனங்களிலும் இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவில் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ஆதிக்கம், பின்தங்கல், அடக்குதல் என்று ஒரே வரியில் மூன்று பிழைகள். பட்டாணிச் செடிகளைக் கலந்து மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலின் பட்டாணிக்குள் இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

டாமினன்ட் (கலப்பில் வெளிப்படுவது), ரிசஸிவ் (கலப்பில் மறைந்திருப்பது) என்ற இணையை மரபியலில் நிலைக்கச் செய்தது 1866இல் வெளியான கிரிகோர் மெண்டலின் கட்டுரை. முன்னதன் இலத்தீன் வேரில் வீட்டு எசமானன் இருக்கிறான். பின்னதன் பொருள் பின்வாங்குதல். கலப்புச் செடியில் ஒரு பண்பு கண்ணுக்குத் தெரியாமல் போய், அதன் சந்ததியில் மாறாமல் திரும்பி வருவதால்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்ததாக மெண்டலே எழுதியிருக்கிறார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை விதைகள் எல்லாமே உருண்டை. அடுத்த தலைமுறையில் 7324 விதைகளில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் உருண்டை போல வெளிப்படுவதை ஓங்கு பண்பு என்றும், சுருக்கம் போல மறைந்திருப்பதை ஒடுங்கு பண்பு என்றும் சொல்கின்றன. இதைவிடச் சிறந்த இணை நமக்குக் கிடைக்காது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கினால் ஆமை இல்லாமல் போய்விடுவதில்லை. சைவ சித்தாந்தத்திலும் ஒடுக்கம் என்பது அழிவு அன்று. ஒடுங்கியது மீண்டும் தோன்றும் என்பதே அங்கு கொள்கை. மெண்டல் ஒரு வாக்கியம் எழுதி விளக்க வேண்டியிருந்ததைத் தமிழ்ச்சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

‘ஒடுங்கு என்றாலும் ஒடுக்கப்பட்டது என்றுதானே பொருள்?’ என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. ஒடுங்குதல் தன்வினை, ஒடுக்குதல் பிறவினை. ஒடுங்குவதற்கு இன்னொருவர் கை வேண்டியதில்லை. ஆதிக்கம் அப்படியல்ல. யார்மீது என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டே வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ‘அடக்குகிறது’ என்ற வினையைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறார்கள்.

பட்டாணிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். உருண்டை விதையில் மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் நொதி ஒன்று இருக்கிறது. சுருங்கிய விதையில் அந்த நொதிக்கான மரபணுவின் நடுவே வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறது. அதனால் மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை கூடுகிறது. சர்க்கரை மிகுந்த விதை நீரை அதிகம் உறிஞ்சிப் பருத்து, முற்றிக் காயும்போது சுருங்கிவிடுகிறது. கலப்பு விதையில் இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. ஒன்று வேலை செய்கிறது, மற்றது செய்யவில்லை. விதை உருண்டையாக இருக்க அந்த ஒன்று செய்வதே போதும். யாரும் யாரையும் அடக்கவில்லை.

அதே கலப்பு விதையின் மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரண்டு பெற்றோருக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கும். விதையின் வடிவத்தைக் கேட்டால் முழு ஓங்குதன்மை, மாவுமணியின் அளவைக் கேட்டால் முழுமையற்ற ஓங்குதன்மை. மரபணு ஒன்றுதான், விடை இரண்டு. ஆகவே ஓங்குவதும் ஒடுங்குவதும் பண்பைச் சொல்லும்போது பொருந்துகிற அடைமொழிகள். ‘ஆதிக்க மரபணு’ என்று அதை ஒரு மரபணுவின் பிறவிக் குணமாக்குவது அடிப்படையிலேயே தவறு.

ரிசஸிவுக்குச் சிலர் எழுதும் ‘பின்னடைவு’ என்பது இலத்தீன் சொல்லைப் பிய்த்துப் போட்டுத் துண்டு துண்டாகப் பெயர்த்தது. தமிழில் பின்னடைவு தேர்தலில் வரும், உடல்நலத்தில் வரும், எங்கும் அது இழப்புதான். ‘பின்தங்கிய’ இன்னும் மோசம். ஆதிக்கம் என்றால் வலியது, நல்லது, பெரும்பான்மை. பின்தங்கியது என்றால் நலிந்தது, அரியது. மாணவர் இப்படித்தானே எடுத்துக்கொள்வார்? உண்மை வேறு. மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு முறையில்தான் கடத்தப்படுகிறது, ஆனால் அது அரிய நோய். ஓ இரத்த வகை ஒடுங்கு பண்பு, ஆனால் உலகின் பல மக்கள்தொகைகளில் மிகுதியாகக் காணப்படும் வகை அதுவே.

ஆதிக்கம் வடசொல் என்பதற்காக மட்டும் நான் அதை மறுக்கவில்லை. நல்ல தமிழ்ச்சொல் கையில் இருக்கும்போது அதைத் தள்ளிவிட்டு, பொருளையும் திரிக்கிற ஒன்றைக் கொண்டுவருவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே முதலில் எது இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டுகிற பழக்கம் பெருகிவிட்டது. அரசியலில் டாமினன்ட் ஆதிக்கம்தான், அங்கே அது சரியான சொல். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் இங்கே என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

ஏபி இரத்த வகையில் ஆதிக்கம் என்ற சொல் முற்றாக நொறுங்குகிறது. அங்கே ஏ பண்பும் பி பண்பும் ஒருசேர வெளிப்படுகின்றன. ‘இணை ஓங்குதன்மை’ என்றால் இரண்டும் ஓங்கி நிற்பது உடனே விளங்குகிறது. அதையே ‘இணை ஆதிக்கம்’ என்று எழுதுகிறார்கள். இருவரும் ஆதிக்கம் செலுத்துகிறார்கள் என்றால், யார்மீது?