ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ்: சொல்லும் பொருளும்

வளரும் குழந்தைகளின் மூட்டுவலி பற்றிய மருத்துவக் குறிப்புகளில் ‘ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ்’, ‘ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ்’ என்னும் இரு சொற்கள் மாறிமாறி வருகின்றன. இரண்டையும் ‘எலும்பு, குருத்தெலும்பு அழற்சி’ என்று ஒரே தொடரால் தமிழாக்குவது இரண்டாவது சொல்லுக்குப் பொருந்தும், முதற்சொல்லுக்குப் பொருந்தாது.

கிரேக்கத்தில் ‘ஆஸ்டியோன்’ என்பது எலும்பு. ‘காண்ட்ரோஸ்’ என்பது குருணையையும் குருத்தெலும்பையும் குறித்த சொல். உயிரணுவுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியாவின் பெயரில் இருப்பது அந்தக் குருணைப் பொருளே. ‘ஐட்டிஸ்’ என்னும் ஈறு மருத்துவத்தில் அழற்சியைச் சுட்டும். ‘ஓசிஸ்’ என்பதோ ஒரு நோய்நிலை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

மூட்டுக்குள் கழன்று கிடக்கும் எலும்புத் துண்டுகளுக்கு ஏதோ ஓர் அழற்சியே காரணமாக இருக்க வேண்டும் என்று கருதிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரான்ஸ் கோனிக், 1880களின் இறுதியில் அந்நோய்க்கு ‘ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிஸ்ஸெகன்ஸ்’ என்று பெயரிட்டார். 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இதையொத்த, இன்று ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ் என்ற பொதுப்பெயரால் வழங்கும் நோய்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. முழங்காலுக்குக் கீழே வரும் வலியை 1903இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் ஆகிய இருவரும், இடுப்பு மூட்டில் வருவதை 1910இல் லெக், கால்வே, பெர்தெஸ் ஆகிய மூவரும் தனித்தனியே விவரித்தனர். பின்னாளில் திசுக்களை ஆராய்ந்தபோது அழற்சி இவற்றின் மூலகாரணம் அன்று என்பது தெளிந்தது. ஆயினும் கோனிக் இட்ட பெயர் இன்றும் வழக்கில் நிற்கிறது.

குழந்தையின் எலும்பு முனைகள் முதலில் குருத்தெலும்பாக இருந்து, பிறகே சிறிது சிறிதாக எலும்பாகின்றன. இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டாலோ, தசைநாண் ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தாலோ, எலும்பாக்கம் குலைந்து அப்பகுதி நலிகிறது. சில வகைகளில் எலும்புத் திசு மடிந்தே போய், பின்னர் உடலே அதை அகற்றிப் புதிய எலும்பை இடுகிறது. இடுப்பு மூட்டில் வரும் பெர்தெஸ் நோயில் தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு நேர்வது இதுவே. பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள் வரும் இந்நோய் சிறுமியரைவிடச் சிறுவர்களை நான்கைந்து மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. குழந்தை விந்தி நடக்கும். கோளாறு இடுப்பில் இருந்தாலும், வலி எங்கே என்று கேட்டால் பலவேளை முழங்காலைத் தொட்டுக் காட்டும். ஆகவே முழங்கால் படத்தில் குறையொன்றும் இல்லை என்றதும் ஆராய்ச்சியை நிறுத்திவிடலாகாது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தொடையை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தால், ஒரு பக்கம் தடையின்றித் திரும்ப, மறுபக்கம் பாதியிலேயே இறுகி நிற்பது தெரியும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் இயல்பாகவே தோன்றக்கூடும், எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டும்.

தமிழில் ‘காண்ட்ரோஸ்’ என்பதற்குக் குருத்தெலும்பு என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. இலங்கைப் பாடநூல்களில் ‘கசியிழையம்’ என்பார்கள். குருத்து என்பது இளந்தளிர் ஆதலால், முற்றி எலும்பாகும் இயல்பையும் அது உணர்த்துகிறது. இந்த நோய்க்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. எலும்புக்குத் திருக்குறள் ஆளும் ‘என்பு’ என்ற வடிவத்தை எடுத்து ‘என்புக்குருத்து நோய்’ என்றால் சொல் கச்சிதமாக அமையும். பொதுவாசகருக்கு எழுதும்போது ‘எலும்பு, குருத்தெலும்பு நலிவு’ என்று விரித்துச் சொல்லலாம். எப்படி எழுதினாலும் ‘அழற்சி’ வேண்டாம் என்பதே என் கருத்து, ஏனெனில் அழற்சி என்றதும் மருந்தால் தணிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. வலிநிவாரணிகள் வலியைக் குறைக்குமே தவிர, எலும்பு மீண்டும் உருவாவதை விரைவுபடுத்துவதில்லை.

சிகிச்சையின் நோக்கம் அந்த மறுவளர்ச்சி முடியும்வரை உறுப்பின் வடிவத்தைக் காப்பது. பெர்தெஸில் இதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை மென்மையாக இருக்கும் தொடைத்தலை, இடுப்புக் கிண்ணத்துக்குள் சரியாகப் பொருந்தியிருந்தால் அதன் உருண்டை வடிவத்திலேயே மீண்டும் உருவாகும் வாய்ப்பு மிகுதி. ஓட்டத்தையும் குதித்தலையும் குறைத்தல், மூட்டின் அசைவு குறையாமலிருக்கப் பயிற்சி, தேவையானால் கால்களை அகற்றி வைக்கும் கட்டு, சிலருக்கு அறுவை சிகிச்சை ஆகிய யாவும் இதற்காகவே. 6 வயதுக்கு முன் நோய் தொடங்கியவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார்கள்.

ஆஸ்குட்-ஷ்லாட்டர் இவ்வளவு கடுமையானதன்று. 10 முதல் 15 வயதுக்குள், விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகளுக்கு, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து, மண்டியிட்டால் சுரீரென்று வலிக்கும். வலிக்கு ஏற்ப விளையாட்டைக் குறைத்துக்கொள்வதும், பனிக்கட்டி ஒத்தடமும், தொடைத் தசைகளை நீட்டும் பயிற்சியும் பெரும்பாலோருக்குப் போதும். விளையாட்டை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வளர்ச்சி முடியும்போது வலி அடங்கிவிடும். புடைப்பு மட்டும் சிலருக்கு எஞ்சும்.

மூட்டுவலியோடு காய்ச்சல் வந்தாலோ, மூட்டு சிவந்து வீங்கினாலோ, குழந்தை காலை ஊன்றவே மறுத்தாலோ, மூட்டுக்குள் கிருமித்தொற்று இருக்கக்கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலியையும் ‘வளர்ச்சி வலி’ என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.