மார்கோஸ் சாறும் சராசரியும்

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில், சர்க்கரைக் குறிப்பேட்டைக் கையில் பிடித்தபடி என் கிளினிக்குக்கு வருபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. இவ்வாண்டு, இங்கே மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரிலிருந்து வந்த அறுபது வயது கடந்த அம்மா ஒருவர், இரண்டு எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். பத்து நாள் விரதம் முடித்து, வாழையிலையில் ஏழு கறியும் பாயசமும் சாப்பிட்ட மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 11.8 மில்லிமோல், இங்கே மார்கோஸ் என்று சொல்லும் பாகற்காயைச் சாறு பிழிந்து நான்கு நாள் குடித்த பிறகு 8.6. "பாருங்க தம்பி, மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

சாற்றின் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் அவர் சாறு குடிக்கத் தொடங்கியதே அளவு உச்சத்தில் இருந்த நாளில்தான். தூக்கம் கெட்டாலோ, சளி பிடித்தாலோ, முந்தைய இரவு விருந்து உண்டாலோ அளவு ஏறும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியோ, ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலகினாலும் சர்வதேசத் தரத்துக்குள் அடங்கிவிடும். இவையெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்த நாளில் எடுத்த எண்ணுக்கு அடுத்து வருவது, எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதை எண்களால் காட்டியவர் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னாளில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் பண்புகளை ஆராயப் புகுந்த அவர், 205 பெற்றோர் இணைகளின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரங்களை, பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கிச் சமன்செய்து, 1886இல் அட்டவணையிட்டார். மிக நெடிய பெற்றோரின் பிள்ளைகள் நெடியவர்களே. ஆயினும் சராசரியிலிருந்து பெற்றோர் விலகிய தொலைவில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்குதான் பிள்ளைகளிடம் இருந்தது. சர்க்கரை அளவைப் போலவே, உச்சத்தை அடுத்து வருவது சராசரியை நோக்கித் திரும்பியது. மனிதரைத் தரம் பிரித்து இனவிருத்தி செய்யும் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் இதே கால்டன்தான். கரும்புத் தோட்டக் கூலிகளின் வழிவந்த நான் அவரது கணக்கை ஏற்கிறேன், அந்தக் கொள்கையை அல்ல.

புதிய மருந்தைச் சோதிப்பவர்கள், அதைப் பெறாத இன்னொரு குழுவையும் உடன் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரு குழுவிலும் அளவு தானாக இறங்கும். அதற்கு மேல் இறங்கியதே மருந்தின் பங்கு.

அப்படியானால் இறக்கம் எல்லாமே மாயையா என்று அந்த அம்மா கேட்டபோது, நம் தீவின் கதையையே சொன்னேன். 1987இல் இங்கே எடுத்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோல். பெரும்பாலும் பாமாயிலாக இருந்த மலிவு விலைச் சமையல் எண்ணெய் சோயா எண்ணெயாக மாற்றப்பட்டது. 1992இல் சராசரி 4.7 ஆனது. அளவு கூடியவர்களை மட்டும் பொறுக்கி அளந்த கணக்கு அல்ல அது. ஊர் முழுவதன் சராசரியே நகர்ந்தது. அதே ஐந்தாண்டுகளில் உடல் பருமன் கூடியது, சர்க்கரைக் கோளாறு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

பிறகு, இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். முடிவு 8.1 சதவீதம். மாத்திரை தொடர்கிறது, மார்கோஸை இப்போது வதக்கிக் கறியாகச் சாப்பிடுகிறாராம், சாறு கசக்கிறதென்று.