விலகல் விதியை முதலில் படியுங்கள்

கூட்டுறவு அமைப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில், ஓர் அமைப்பின் துணை விதிகள் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது உறுப்பினர் விலகுவதைப் பற்றிய விதியைத்தான். குறிக்கோள்களை எல்லோரும் அழகாக எழுதிவிடுகிறார்கள். விலகுபவருக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுதத்தான் பலருக்கும் கை வருவதில்லை. குடும்பம், இறைநம்பிக்கை, சிக்கனம், பெரியோர் சொல் ஆகியவற்றைப் போற்றுவோர், அரசின் கட்டாயம் எதுவுமின்றித் தாங்களே மனமுவந்து உடைமையைப் பொதுவாக்கிக்கொள்ளும் அமைப்புகளில் இந்தக் குறையைக் கூடுதலாகக் காண்கிறேன்.

மரபும் பொதுவுடைமையும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் எனக்கில்லை. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடையில் கடனுக்கு விற்பதில்லை என்பது உறுதியான விதி. ஆதாயத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்துகொண்டார்கள். வீட்டுச் சிக்கனமே அங்கே கடையின் சட்டமாயிற்று. ஸ்பெயினின் மோன்ட்ராகோனில் 1943-இல் தொழிற்பள்ளி தொடங்கியவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அவரிடம் பயின்ற ஐவர் 1956-இல் நிறுவிய தொழிலகத்திலிருந்துதான் அங்குள்ள தொழிலாளர் கூட்டுறவுகள் வளர்ந்தன.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நான் தணிக்கை செய்த ஓர் அமைப்பில், பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தம் சேமிப்பையெல்லாம் பொதுநிதியில் செலுத்தி வந்த ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவி பங்கைக் கேட்டபோது, ரசீதும் இல்லை, தனிப்பேரேடும் இல்லை, நியமனதாரர் பெயரும் இல்லை. யாரும் பணத்தைக் கையாடவில்லை என்பதைக் கணக்குகள் காட்டின. ஆனால், "நமக்குள் எதற்கு எழுத்து?" என்று மூத்தவர் ஒருவர் அன்போடு சொன்ன சொல்லே அந்தப் பெண்ணின் உரிமையை அழித்திருந்தது. நேர்மையற்றவர்களின் கணக்கைச் சரிபார்ப்பதைவிட நல்லவர்களின் எழுதாத கணக்கைச் சரிபார்ப்பது கடினம்.

இதற்கு வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜார்ஜ் ராப் என்ற சமயத் தலைவரைப் பின்பற்றியோர், 1805-இல் உடைமைகளைப் பொதுவாக்கி ஹார்மனி சங்கத்தை அமைத்தனர். விலகுவோர் கொண்டுவந்ததைத் திருப்பித் தருவதாக அப்போதைய ஒப்பந்தம் சொன்னது. 1818-இல், பழையவர் புதியவர் என்ற வேற்றுமை ஒழியட்டும் என்று, யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்பதைக் குறித்த ஏட்டை எரித்துவிட்டனர். நோக்கம் உயர்ந்ததுதான், ஆனாலும் ஒரு தணிக்கையாளனால் அதைப் படபடப்பின்றிப் படிக்க முடியாது. 1832-இல் உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தபோது 1,05,000 டாலர் தந்து தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. 1836-இல் திருப்பித் தரும் விதியையே நீக்கிவிட்டார்கள். வெறுங்கையோடுதான் வெளியேற முடியும் என்றான பிறகு, ஒருவர் உள்ளே இருப்பது விருப்பத்தாலா வேறு வழியின்மையாலா என்று பிரித்தறிய யாராலும் இயலாது. மரபுப் பற்றுள்ள அமைப்புகளில் இந்த ஐயம் இன்னும் ஆழமானது. ஏனெனில் விலகுபவர் பணத்தோடு உறவையும் வழிபாட்டுத் தோழமையையும் இழக்கிறார்.

மோன்ட்ராகோன் இதை வேறுவிதமாகக் கையாண்டது. அங்கே ஒவ்வோர் உறுப்பினர் பெயரிலும் தனி மூலதனக் கணக்கு உண்டு; ஆதாயத்தில் ஒரு பகுதி அதில் வரவு வைக்கப்பட்டு, விலகும்போதோ ஓய்வுபெறும்போதோ அவரிடம் சேர்கிறது.

ஆகவே, இத்தகைய அமைப்பில் சேர எண்ணுவோர், தம் பெயரிலான இருப்பைக் காட்டும் கையொப்பமிட்ட அறிக்கை ஆண்டுதோறும் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். கணவன் செலுத்தினாலும் மனைவிக்கும் அந்த அறிக்கையின் படி தரப்படுகிறதா என்பதையும், பெரியவர்கள் முன்னிலையில் கை தூக்காமல் மறைவாக வாக்களிக்க வழி உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். கேட்டதற்காக நம்பிக்கையற்றவர் என்று சொல்லப்பட்டால், சேருவதை ஓராண்டு தள்ளிவைப்பது நல்லது.