உடைந்ததா, உடைத்தேனா?

“அதுதான் சாரி சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன செய்ய வேண்டும்?” குடும்பநல ஆலோசகராக நான் மிக அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். சொன்னது உண்மைதான், ஆனால் எதிரே இருப்பவரிடம் அது போய்ச் சேரவில்லை. ஏன் என்று தேடினால், சிக்கல் பெரும்பாலும் ‘சாரி’யை அடுத்து வரும் வினைச்சொல்லில் ஒளிந்திருக்கும்.

தமிழ் இதற்கு வெகு வசதியான மொழி. ‘கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டேன்’ எனலாம், ‘டம்ளர் உடைந்துவிட்டது’ என்றும் சொல்லலாம். இரண்டாவதில் ஆளே இல்லை. டம்ளர் தானாக முடிவெடுத்ததுபோல் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்பது மறந்துபோயிற்று ஆகிறது. தாமதமாக வந்தேன் என்பது நேரமாகிவிட்டது ஆகிறது. ‘வாய் தவறி வந்துவிட்டது’ என்றால் குற்றவாளி வாய்தான், பேசியவர் அல்ல!

இன்னொரு தந்திரம் ‘இருந்தால்’. ‘நான் சொன்னது உன்னைக் காயப்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்.’ காயம் உண்டா இல்லையா என்பதைக் காயப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். மேடையில் பேசுகிறவர்கள் ஒரு படி மேலே போய் ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்பார்கள். அந்த ‘யார்’ யாரென்று ஊருக்கே தெரியும்.

மன்னிப்புப் பேச்சை ஆராய்ந்த மொழியியலாளர்கள் ஷோஷனா புளும்-குல்காவும் எலீட் ஓல்ஷ்டெயினும் 1980களில் அதை ஐந்து உத்திகளாகப் பிரித்தார்கள்: வெளிப்படையாக மன்னிப்புக் கேட்பது, காரணம் சொல்வது, பொறுப்பேற்பது, ஈடு செய்ய முன்வருவது, இனி நடக்காது என்று உறுதியளிப்பது. என் அறைக்கு வருபவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். 2016இல் ராய் லெவிக்கி குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்கள் மிக முக்கியமாகக் கருதியது ‘தவறு என்னுடையது’ என்ற ஒப்புதலைத்தான். ‘என்னை மன்னித்துவிடு’ என்ற வேண்டுகோள் கடைசியில் வந்தது. எனக்கு இதில் வியப்பில்லை.

சொல்லால் கேட்டால்தான் மன்னிப்பு என்று நான் வாதிடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், பேச்சே தேவைப்படுவதில்லை. காலையில் மகனைத் திட்டிய அப்பா இரவில் பரோட்டாப் பொட்டலத்தோடு வருவார். சின்னச் சண்டைக்கு அது போதும். நண்பர்கள் முன்னால் அறைந்ததற்குப் போதாது. அது எதற்கான பொட்டலம் என்பதையே பையன் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அடித்துவிட்டு மறுநாள் காலில் விழுபவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களின் மன்னிப்பில் ஒரு சொல்கூடப் பிசகாது. அடுத்த மாதம் அடியும் தவறாது. அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் பெண்கள் சொற்களை எடை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 181 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

அண்மையில் ஒரு தம்பதி வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மனைவியின் அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கும் நாளில் கூட வருவதாகச் சொன்ன கணவர் வரவில்லை. “ஆபீஸில் வேலை வந்துவிட்டது, மறந்துபோயிற்று, நான்கு முறை சாரி கேட்டாயிற்று மேடம்” என்றார். மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலை வந்தது இருக்கட்டும். ‘நான்’ என்று தொடங்கி, என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்” என்றேன்.

வெகுநேரம் எடுத்துக்கொண்டார். “நான் வருகிறேன் என்று சொன்னேன். வரவில்லை. நீ போன் செய்தபோதும் எடுக்கவில்லை.”

“எடுக்கவில்லையா, கட் செய்தீர்களா?”

“கட் செய்தேன்.”

அப்போதுதான் அந்தப் பெண் முதன்முறையாக அவர் பக்கம் திரும்பினார். “இரண்டு முறை” என்று திருத்தினார்.